கல்வியில் வீட்டின் பங்கு

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



குடும்பமும் பிள்ளைகளின் கல்வியும் என்னும் பொருளிற் பேசுமாறு நமது சங்கச் செயலாளர் என்னைக் கேட்டபோது, இரண்டு காரணங்களைச் சொல்லித் தப்பிவிடப் பார்த்தேன். ஒன்று, நான் இன்னும் படித்துக்கொண்டிருப்பவன், மணமாகாதவன், பிள்ளை வளர்த்தறியாதவன். மற்றொன்று, என் பள்ளிப்படிப்பு முழுவதையும் ஒரு மிஷன் கல்லூரியிற் பெற்றவன். செயலாளர் இரண்டையும் ஏற்கவில்லை. "பிள்ளை வளர்த்தறியாவிட்டாலும் பிள்ளையாக வளர்ந்தறிவீர் அல்லவா? அதைச் சொல்லும்" என்றார். அதற்குமேல் மறுக்க இயலவில்லை.

யோசித்துப் பார்க்கையில் என் முதற் காரணம் அத்துணை வலியதன்று என்பது எனக்கே தெரிந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் கல்வியை வழிப்படுத்தியவர்களுள் இருவர் இல்லறத்திற் புகாதவர்கள். ஒருவர் நல்லூர் ஆறுமுகநாவலர். மற்றவர் அமெரிக்காவிலிருந்து 1840ஆம் ஆண்டில் இங்கு வந்து, உடுவில் பெண்கள் பாடசாலையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டு பணிபுரிந்த எலிசா அக்னியூ அம்மையார். ஆயிரம் புதல்வியரின் தாய் என்று அவரை அழைத்தார்கள். நாவலர் சிவபதமடைந்ததும் அம்மையார் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரே ஆண்டில், 1879இல் நிகழ்ந்தன. ஒருவர் கொள்கையை மற்றவர் ஒப்பியவரல்லர். ஆயினும், யாழ்ப்பாணத்துத் தாய் தந்தையர் தம் பிள்ளைகளைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தை இருவருமே மாற்றிவிட்டுச் சென்றனர்.

இரண்டாவது காரணமும் அப்படியே. நாவலர் பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே படித்து அங்கேயே கற்பித்தவர். வாலிபர் காங்கிரசை வளர்த்த ஹன்டி பேரின்பநாயகம் அவர்கள் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியைச் சேர்ந்தவர். பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். இந்த மண்ணில் மிஷன் பள்ளிக்கூடத்துக்கும் சைவப் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் எழுந்த சுவர் வாசல் உள்ள சுவராகவே இருந்து வந்திருக்கிறது. ஆகவே அந்த வாசலால் வந்து நிற்கிறேன்.

நான் சொல்ல வந்தது பெரிய தத்துவமன்று. பிள்ளையின் கல்வியிற் பள்ளிக்கூடத்தின் பங்கு ஒன்று. வீட்டின் பங்கு வேறொன்று. பள்ளிக்கூடத்தின் பங்குக்காக நம்மவர் எதையும் கொடுப்பர்; காணியையும் ஈடு வைப்பர், தாலிக்கொடியையும் அடகு வைப்பர். வீட்டின் பங்கையோ சிறிது சிறிதாகக் கைவிட்டு வருகிறோம். பள்ளிக்கூடத்தின் பங்கைக் காசு கொடுத்து இரட்டிப்பாக்கலாம். வீட்டின் பங்கை விலைக்கு வாங்க இயலாது.

வீட்டின் பங்கு யாது? திருக்குறளில் ஏழாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மக்கட்பேறு என்று நாம் சொல்லும் அந்த அதிகாரத்துக்குப் பரிமேலழகர் புதல்வரைப் பெறுதல் என்று பெயர் கொடுத்தார். தந்தை மகனுக்குச் செய்யும் நன்றி அவனைக் கற்றோர் அவையிலே முந்தியிருக்கச் செய்வது என்று அங்கே ஒரு குறள் வருகிறது. நமது பரிசளிப்பு விழா ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் அதை எடுத்துச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் அது அந்த அதிகாரத்தின் ஏழாவது குறள். அதற்கு முன்னே மூன்று குறள்கள் தொடர்ச்சியாக நிற்கின்றன. குழந்தை தன் சிறு கையால் அளாவிய கூழ், குழந்தையின் உடம்பு மேலே படுவதால் வரும் இன்பம், அதன் மழலையைக் கேட்கும் செவி, இவையே அம்மூன்றுக்கும் பொருள். வள்ளுவர் பிள்ளையை முதலிற் கூழ்ச் சட்டியண்டையில் இருத்திவிட்டுப் பின்புதான் அவைக்கு அனுப்புகிறார். நாமோ கூழைத் தாண்டி நேரே அவைக்குப் போய்விட்டோம். (ஒடியற்கூழ் காய்ச்சி, பிலாவிலையைக் கோலி, வீட்டார் எல்லோரும் சுற்றியிருந்து குடிக்கும் வழக்கமுள்ள ஊரிலே இதை நான் விளக்கவேண்டியதில்லை. எங்கள் கூழில் மீனும் இறாலும் உண்டு என்பது மட்டும் வள்ளுவருக்கு உவப்பாயிராது.)

நாம் ஏன் இப்படியானோம்? நம்மவரைப் பழிப்பது எளிது. ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லின்மேல் மெல்லிய மண். கிணற்றை வெட்டித் துலாவால் இறைத்து வாழ்ந்த சமூகம். காணியோ தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்து பரப்புக் கணக்கிற் சுருங்கியது. இந்த நிலத்திலே 1816ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்க மிஷனார் பள்ளிக்கூடங்களைத் திறந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் எழுந்தன. ஆங்கிலம் படித்தவனுக்கு உத்தியோகம் கிடைத்தது. உத்தியோகம் பெற்றவனுக்குச் சீதனம் கிடைத்தது. மழை பொய்த்தாலும் பொய்க்காத பயிர் இதுவென்று நம் முன்னோர் கண்டுகொண்டனர். அன்று முதல் கல்வி நமக்கு ஒரு வெள்ளாண்மை. அதை இகழ்ந்து பேச நான் முன்வரேன். அந்த வெள்ளாண்மையின் விளைச்சலைத்தான் நானும் உண்டு வளர்ந்தேன்.

மிஷனார் ஏன் விடுதிப் பாடசாலைகளை அவ்வளவு விரும்பினார்கள் என்பதை நாம் சிந்திக்கவேண்டும். பகலிற் பள்ளிக்கு வந்து மாலையில் வீடு திரும்பும் பிள்ளை, பகலிற் கேட்டதை வீட்டிலே இழந்துவிடுகிறது என்பதை அவர்கள் கண்டார்கள். திண்ணையிலிருந்த பாட்டனாரும் அடுப்படியிலிருந்த தாயும் விளக்கேற்றும் நேரத்துத் தேவாரமும் அவர்களுடைய போதனையிலும் பார்க்க வலியனவாயிருந்தன. ஆகவே பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்து விடுதியில் இருத்தினர். பொருளுதவி செய்த அமெரிக்கரின் பெயர்களையும் சிலருக்கு இட்டனர். உடுவிலிற் படித்து முடித்த பெண்களுக்குச் சீதனமும் கொடுத்தனர். நம் பெற்றோரின் மனத்தை அவர்கள் எவ்வளவு நன்றாகப் படித்திருந்தார்கள் பாருங்கள்! வீட்டுக்கு உள்ள வலிமைக்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் வேறில்லை. ஏனெனில் இது எதிர்ப்பக்கத்தார் கொடுத்த சாட்சியம்.

நாவலரும் அந்த உண்மையை அறிந்திருந்தார். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதோடு அவர் நின்றுவிடவில்லை. பாலபாடங்களை எழுதினார், சைவ வினாவிடை எழுதினார். வினாவிடை என்னும் நூலமைப்பைச் சற்று நோக்குங்கள். அது ஒருவர் தனியே மூலையிலிருந்து படிப்பதற்கு அமைந்ததன்று. ஒருவர் கேட்க, மற்றொருவர் சொல்லவேண்டும். கேட்பவர் உபாத்தியாயராகவும் இருக்கலாம், வீட்டிலே சாய்மனைக் கதிரையிற் சாய்ந்திருக்கும் பேரனாராகவும் இருக்கலாம். எழுத்தறியாத ஆச்சியுங்கூட விடையைச் செவிவழியாய் அறிந்திருந்தால் பிழை திருத்தலாம். பள்ளிக்கூடத்தை வீட்டுக்குள்ளே கொண்டுவரும் உபாயம் அந்தச் சிறு நூலில் இருந்தது.

ஆனால் வீட்டிலே அப்போதும் ஒரு வெற்றிடம் விழத் தொடங்கியிருந்தது. அது தந்தையின் இடம். படித்த வாலிபர் கொழும்புக்குப் போயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவுக்குப் போய் ரெயில்வேயிலும் கந்தோர்களிலும் கடமை பார்த்தனர். குடும்பம் இங்கே, தந்தை அங்கே. இடையிலே மாதந்தோறும் மணியோடர். எங்கள் ஊர்ப் பெரியோர் இதை மணியோடர் பொருளாதாரம் என்று பகிடியாகச் சொல்வார்கள். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின்பு, கொழும்பிலிருந்த தந்தையரைப் பிள்ளைகள் லீவு நாட்களிலே கண்டனர். 1983க்குப் பின்னர் அந்தப் பயணம் இன்னும் நீண்டது. கனடாவுக்கும் சுவிசுக்கும் லண்டனுக்கும் போனவர்கள் லீவுக்கும் வரவில்லை. மத்திய கிழக்குக்குத் தாயே போய்விட, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகளும் உண்டு. 2009இல் முடிந்த போரிலே தந்தையை இழந்த வீடுகளைப் பற்றி நான் இங்கே விரித்துரைக்க விரும்பவில்லை. இச்சபையிலே அத்தகைய வீட்டிலிருந்து வந்தோர் இருக்கிறீர்கள்.

ஆகவே தந்தை என்பவர் காசு அனுப்புபவர், தாய் என்பவர் அந்தக் காசைக் கல்வியாக மாற்றும் முகாமைக்காரி என்னும் ஏற்பாடு நமக்கு நேற்று வந்ததன்று. மூன்று நான்கு தலைமுறையாக ஊறியது. இப்போது தந்தை வீட்டிலேயே இருக்கும் குடும்பங்களிலுங்கூட அந்த ஏற்பாடே நடக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு.

இனி, வேறொரு காலத்தைச் சொல்கிறேன். அது நான் பிறப்பதற்கு முந்திய காலம். என் தாயார் சொல்லக் கேட்டது. இங்குள்ள பெரியோர் பலர் அதை வாழ்ந்தறிந்தவர்கள்.

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஆண்டுக்கணக்காக வரவில்லை. மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடையினால் எட்டாத விலைக்கு ஏறிற்று. அப்போது நம்மவர் ஜாம் போத்தல் விளக்கைக் கண்டுபிடித்தனர். ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சையிட்டு, அது நனையுமளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய் வார்த்து, திரியை நிறுத்தி ஏற்றினால் சிறு சுடர் ஒன்று எரியும். அந்தச் சுடர்தான் வீட்டுக்கு முழு வெளிச்சம். இரண்டாவது விளக்கேற்ற எண்ணெய் இல்லை. ஆதலின் அண்ணன் கணக்குச் செய்வதும், தங்கை வாய்ப்பாடு சொல்வதும், தாய் அரிசியிற் கல்லெடுப்பதும், தகப்பனார் அன்றைய செய்தியைச் சொல்வதும் அந்த ஒரு விளக்கைச் சுற்றியே நடந்தன. வானொலி கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் மின்சாரம் பிறக்கும். ஒருவர் மிதித்தாற்றான் மற்றவர் கேட்கலாம். என் தாயார் அப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. "எனக்குப் படிப்பிச்சது அரைவாசி பள்ளிக்கூடம், அரைவாசி அந்த விளக்கு" என்று அவர் இன்றைக்கும் சொல்வார். அண்ணன் உரத்துப் படித்த உயர்தரப் பாடங்களை அவர் காதாற் கேட்டே பாதி அறிந்திருந்தாராம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். மழை, நெருக்கம், ஓரடி எடுத்து வைக்க ஒரு நாழிகை. என் அம்மம்மா அன்று சட்டி பானையை விட்டுவிட்டு, பிறப்பத்தாட்சிப் பத்திரங்களையும் பிள்ளைகளின் கொப்பிகளையும் ஒரு பொலித்தீன் பையிலே சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தவர். அடுத்த சில வாரங்களிலே மரத்தடியிலும் கொட்டகையிலும் படிப்பு மீண்டும் தொடங்கிற்று. யாழ்ப்பாணத்தார் படிப்பிற் பைத்தியம் என்று பிறர் சொல்வதுண்டு. அந்தப் பைத்தியம் இல்லாதிருந்தால் அன்று நம்மைத் தாங்கி நின்றது எதுவாக இருந்திருக்கும்?

அந்தக் காலம் திரும்ப வரவேண்டும் என்று நான் சொல்வதாக ஒருவரும் எண்ணவேண்டாம். விளக்கின் புகையிற் கண் கெட்டவர்களும், பதுங்குகுழியிலே பரீட்சைக்குப் படித்தவர்களும், படிப்பை இடைநடுவே விட்டவர்களும், திரும்பி வராதவர்களும் எத்தனையோ பேர். குண்டு விழுந்த காலத்தைப் பொற்காலம் என்று பாடுவது அறிவீனம். ஆனால் ஒன்றை நாம் மறைக்கலாகாது. இல்லாமையினால் வீட்டிலே தானாக நடந்த காரியம், இப்போது எல்லாம் இருப்பதனால் நின்றுவிட்டது. இப்போது நாமாக முயன்றாலன்றி அது நடவாது. அறைக்கு ஒரு மின்குமிழ்; ஆளுக்கு ஒரு கைத்தொலைபேசி. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவினாற் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது பிள்ளைகளின் பாடத்துக்கென்று வாங்கிய தொலைபேசிகள், பள்ளி திறந்த பின்பும் பிள்ளைகளின் கையை விட்டுப் போகவில்லை. அதற்காகப் பிள்ளைகளை ஏசுகிறோம். நாமும் சாப்பாட்டுக் கோப்பைக்கு அருகில் அதை வைத்துக்கொண்டே ஏசுகிறோம்.

இன்று ஐந்தாம் வகுப்பிற் படிக்கும் ஒரு பிள்ளையின் நாளை எண்ணிப் பாருங்கள். என் அயல் வீட்டிலே அப்படி ஒரு சிறுமி இருக்கிறாள். விடியப்புறம் ஐந்து மணிக்கு எழுப்புவார்கள். பள்ளிக்கு முன் ஒரு வகுப்பு; பிறகு பள்ளிக்கூடம்; வந்து சீருடை மாற்றிச் சாப்பிட்டதும் பின்னேர ரியூசன்; இரவிலே மாதிரி வினாத்தாள். சனி ஞாயிறும் அப்படியே. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள் நடக்கிறதே, எத்தனை நாள் போனாய் என்று கேட்டேன். "தேரன்றைக்குத்தான் ரியூசன் லீவு விட்டவை" என்றாள். வீட்டிலே பெற்றோருடன் அவள் பேசும் பேச்செல்லாம் ஒரே பேச்சுத்தான்: எத்தனை சரி, எத்தனை பிழை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை. லண்டனிலிருக்கும் மாமா வீடியோவில் வந்தாலும் முதற் கேள்வி அதுவே. அந்தச் சிறுமி மணற்பிட்டியிலே வீடு கட்டி விளையாடியதை நான் இரண்டு வருடமாகக் காணவில்லை.

புலமைப்பரிசிற் பரீட்சை தீயதென்று சொல்லமாட்டேன். கன்னங்கரா அவர்கள் 1940களில் மத்திய பாடசாலைகளை நிறுவிக் கிராமத்து ஏழைப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து அங்கே படிப்பிக்க ஏற்பாடு செய்தார். இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. அந்த நன்றியை மறந்தால் உய்வில்லை. அத்தகைய தெரிவின் வழியில் வந்ததே இந்தப் பரீட்சை. வறிய பிள்ளைக்கு உதவிப்பணமும், திறமையான பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடமும் கிடைப்பதே அதன் நோக்கம். இரண்டு வினாத்தாள், மொத்தம் இருநூறு புள்ளி. ஆனால் ரியூசனுக்குக் காசு கட்ட வல்லவரின் பிள்ளை முந்தவும், கட்ட வல்லமையற்றவரின் பிள்ளை பிந்தவும் தொடங்கினால், ஏழைக்கென்று வெட்டிய வாய்க்காலிலே யார் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்கிறது?

அதைவிட எனக்கு வேதனை தருவது பெறுபேறு வரும் நாள். வெட்டுப்புள்ளிக்கு மேலே நின்ற பிள்ளைகளின் படங்கள் சந்திகளிலே பெரிய பதாகைகளாகத் தொங்குகின்றன. வெட்டுப்புள்ளிக்கு ஒன்றோ இரண்டோ குறைந்த பிள்ளை அந்தச் சந்தியால்தான் மறுநாட் பள்ளிக்கூடம் போகவேண்டும். அதற்கு வயது பத்து. பத்து வயதிலே தன்னைத் தோற்றவன் என்று எண்ணிக்கொண்ட பிள்ளைக்கு அதற்குப் பிறகு படிப்பிக்கும் ஆசிரியர்கள் எவ்வளவு பாடுபடவேண்டும் என்பதை, இச்சபையிலுள்ள ஆசிரியர்களே சொல்வார்கள்.

பெரியோர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பீர்கள். "தம்பி, புள்ளி இல்லாமல் எங்களுக்கு வேறென்ன இருந்தது? 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது, ஒரு புள்ளி இரண்டு புள்ளியாலே எங்கள் பிள்ளைகளின் வாழ்க்கை கவிழ்ந்ததை நீர் அறிவீரா?" நியாயமான கேள்வி. அந்தக் காயம் உண்மையானது. அதன்பின் ஒவ்வொரு புள்ளியையும் உயிர்போலக் காத்த பெற்றோரை நான் குறை சொல்லத் துணியேன். பரமேசுவராக் கல்லூரி இருந்த திருநெல்வேலி வளவிலே 1974இற் பல்கலைக்கழகம் எழுந்தபோது அவர்கள் அடைந்த ஆறுதலையும் நான் அறிவேன். அந்த வளவிலேதான் நானும் இன்று படிக்கிறேன்.

ஆயினும் அதே வளவிலிருந்து ஒரு செய்தியைச் சொல்கிறேன். புள்ளியிற் குறைவில்லாமல் வந்து சேர்ந்த என் தோழர் சிலர், முதலாம் ஆண்டிலே திகைத்து நிற்கிறார்கள். நூல்நிலையத்திலே தாமாக ஒரு புத்தகத்தை எடுத்து வாசிக்க அறியார். குறிப்புக் கொப்பி எங்கே என்று தேடுவர். ஒரு விடயத்திலே தாம் என்ன நினைக்கிறோம் என்று கேட்டால் பேச்சு வராது. ஏனெனில் பதினெட்டு வருடமாக ஒருவரும் அவர்களிடம் அதைக் கேட்கவில்லை. அறிவில்லாதவர்களல்லர், நல்ல அறிவாளிகள். அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தின் பங்கு இரண்டு மூன்று மடங்காகக் கிடைத்தது. வீட்டின் பங்கு கிடைக்கவில்லை. 1981இல் நமது பொது நூலகத்தை எரித்தார்கள். தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாயின என்று இன்றும் நெஞ்சு கொதிக்கிறோம். கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நூலகம் திரும்பக் கட்டித் திறக்கப்பட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது. நம் பிள்ளையைக் கையிற் பிடித்து அங்கே அழைத்துப்போன தந்தையர் எத்தனை பேர்? பாடப்புத்தகம் அல்லாத புத்தகத்தைப் பிள்ளை கையில் எடுத்தால் "இது சோதினைக்கு வருமோ?" என்று கேட்கிறவர்கள் நாம்.

அடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடியாத மாடு படியாது என்று நம்மவர் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். அது மாட்டைப் பற்றிய பழமொழி. பள்ளிக்கூடத்திற் பிள்ளையை அடிக்கலாகாது என்று கல்வியமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வீட்டுக்குச் சுற்றறிக்கை அனுப்ப ஓர் அமைச்சும் இல்லை. அதை நாமே நமக்கு எழுதிக்கொள்ளவேண்டும்.

தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு, இன்னுமொரு பாரத்தை நான் தூக்கி வைப்பதாகத் தோன்றலாம். பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு வரும் தாய்க்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நான் கேட்பது பாடஞ் சொல்லிக் கொடுக்கும் நேரத்தையன்று. ஒரு நேரச் சாப்பாட்டையாவது பிள்ளையோடு ஒன்றாக இருந்து உண்ணுங்கள். அந்த நேரத்திற் புள்ளியைப் பற்றிப் பேசாதிருங்கள். தேங்காய் துருவவும் வெங்காயம் உரிக்கவும் பிள்ளையை, ஆண்பிள்ளையையுந்தான், அருகில் இருத்துங்கள். "படிக்கிற பிள்ளை, வேலை சொல்லாதே" என்று நம் வீடுகளிற் சொல்வது பாசத்தினால். ஆனால் அந்தப் பாசம் பிள்ளையை அடுப்படியிலிருந்து துரத்திவிட்டது. அடுப்படியில்தான் தாய் இருக்கிறார். நம் பேரனார் எந்த ஊரிலிருந்து வந்தார், இடப்பெயர்விலே எந்த வழியாய் நடந்தோம், யார் நமக்குச் சோறு தந்தார்கள் என்பவற்றை ஒரு பாடப்புத்தகத்திலும் பிள்ளை காணாது. வெளிநாட்டிலிருக்கும் தந்தையர் இந்த மலரைக் காண நேர்ந்தால் அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: வீடியோவிலே பிள்ளை வந்ததும் புள்ளியைக் கேளாமல், இன்று யாரோடு விளையாடினாய் என்று ஒரு நாளாவது கேட்டுப் பாருங்கள். முதல் நாள் பிள்ளை விழிக்கும். நாலாம் நாள் தானாகச் சொல்லும்.

விசயதசமியிலே நாம் பிள்ளைக்கு ஏடு தொடக்குகிறோம். பெரியவர் ஒருவர் மடியில் இருத்தி, பிள்ளையின் விரலைத் தம் கையாற் பற்றி, பச்சையரிசியிலே அகரத்தை எழுதுவிக்கிறார். எவ்வளவு அழகான சடங்கு! பிள்ளைக்கு அந்த எழுத்து விளங்குவதில்லை. விரலைப் பற்றியிருக்கும் கையின் சூடு மட்டும் விளங்கும். அந்தக் கையை எத்தனையாம் வயதிலே விட்டுவிடுகிறோம் என்று ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலே கணக்குப் பார்க்கலாம்.

கடைசியாக, நமது சங்கத்தைப் பற்றி. இது பெற்றோருக்கன்று, செயற்குழுவுக்கு. வருடந்தோறும் நாமும் புலமைப்பரிசில் சித்தியடைந்த பிள்ளைகளை மட்டும் மேடையேற்றி மாலையிட்டுப் பரிசு கொடுக்கிறோம். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறோம். ஆனால் கீழே வாங்கிலிருந்து கைதட்டும் மற்றப் பிள்ளைகளும் நம் ஊர்ப் பிள்ளைகள்தாமே. அடுத்த ஆண்டு முதல் ஐந்தாம் வகுப்பை முடித்த நம் ஊர்ப் பிள்ளைகள் அனைவரையும் பெயர் சொல்லி அழைத்து, ஆளுக்கொரு கதைப் புத்தகம் கொடுப்போம் என்று பிரேரிக்கிறேன். செலவு கூடும் என்று பொருளாளர் தலையை அசைப்பது தெரிகிறது. மாலைக்கும் பதாகைக்கும் ஆகும் காசை நிறுத்தினால் புத்தகத்துக்குப் பெரும்பாலும் காணும். காணாததற்கு நாம் இளைஞர்கள் வீடு வீடாய்ப் போவோம். சைவப் பாடசாலைகள் எழுந்த காலத்திலே பிடியரிசி சேர்த்தார்கள் என்று பெரியோர் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாமே நாம்.

மற்றொன்று, நம் சனசமூக நிலையத்து வாசிகசாலை ஞாயிறு காலையிலே பூட்டிக்கிடக்கிறது. திறப்பு என்னிடம் தரப்பட்டால், பல்கலைக்கழகத்திற் படிக்கும் நாங்கள் நால்வர் முறைவைத்து அதைத் திறந்து வைத்திருக்கத் தயார். அங்கே பாடம் நடவாது, வினாத்தாள் இராது. பிள்ளைகள் வாசிக்கலாம், வாசியாமல் முற்றத்தில் விளையாடலாம். தாயோ தகப்பனோ பேரனாரோ யாராவது ஒருவர் கூட வரவேண்டும் என்பது மாத்திரம் நிபந்தனை. பெரியோர்களே, உங்களில் யாருக்காவது கதை சொல்லத் தெரியுமாயின் வந்திருந்து சொல்லுங்கள்.

இவ்விரு பிரேரணைகளையும் எழுத்திலே செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த செயற்குழுக் கூட்டத்திலே எடுத்துக்கொள்ளுமாறு கேட்டு அமர்கிறேன்.